யாரைக் கேட்டு ஜாமீன்?

கிள்ளானிலிருந்து வாரம் ஒருமுறை ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு வருவார் அந்த அண்ணன். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர். கேஎல் சென்ட்ரலில் இறங்கி, துன் சம்பந்தன் சாலையின் பூக்கடைகளைக் கடந்து நாங்கள் உட்காரும் கடைக்கு வந்து சேர்வதற்குள் தமிழ்நாட்டுச் செய்திகளைக் கைப்பேசியில் கேட்டு முடித்திருப்பார். அன்று வந்ததும் வராததுமாகக் கேட்டார்: "சாதிப் பேரச் சொல்லித் திட்டுனா இந்தியாவுல முன்ஜாமீன் கெடையாதாம். மெய்யா தம்பி?"

மெய்தான் என்றேன்.

தே தாரிக் குவளையை ஓரமாக நகர்த்தி வைத்தார். "என் தங்கச்சி மவன சொஸ்மாவுல உள்ள வெச்சப்ப, ஜாமீன் இல்லாத சட்டம் சட்டமே இல்லன்னு நீங்கதான சொன்னீங்க. இப்ப இது மட்டும் எப்படி நல்ல சட்டமாயிரும்?"

அந்த இடத்தில் எனக்கு வாய் எழவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதுவும் கேட்கவேண்டிய ஊரில் கேட்கப்பட்ட கேள்வி. மலேசியத் தமிழர்களுக்கு ஜாமீன் மறுப்பு ஏட்டுச் சட்டமல்ல. 2007 நவம்பரில் இந்து உரிமை நடவடிக்கைக் குழுவான இண்ட்ராபின் பேரணியை ஒட்டி பத்துமலையில் நடந்த மோதலுக்காக 31 பேர் மீது காவலர் ஒருவரைக் கொல்ல முயன்றதாகக் குற்றம் சாட்டி, ஷா ஆலம் நீதிமன்றத்தில் ஜாமீன் மறுத்தார்கள். சில வாரங்களில் அந்தக் குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது. அதே டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். அந்தச் சட்டம் போனபின் 2012-இல் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சிறப்பு நடவடிக்கைச் சட்டம் வந்தது. அதன் 4-ஆம் பிரிவு 28 நாள்வரை போலீஸ் காவலை அனுமதிக்கிறது. 13-ஆம் பிரிவு, சில விலக்குகள் தவிர, ஜாமீனையே தடுக்கிறது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 பேரைக் கைது செய்தார்கள். அவர்களில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். நவம்பர் 29-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான், அந்த 13-ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். 2020 பிப்ரவரி 21-இல் சட்டத்துறைத் தலைவர் 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். இடையில் போன மாதங்களை யாரும் அவர்களுக்குத் திருப்பித் தரவில்லை. சுங்கை பூலோ சிறை வாசலில் சொஸ்மா கைதிகளின் தாய்மார் பாய் விரித்து உண்ணாவிரதம் இருந்த காட்சி இங்கு பலருக்கு இன்னும் கண்ணை விட்டு மறையவில்லை.

இப்படிப்பட்ட ஊரிலிருந்துகொண்டு இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் படிக்கும்போது, அதன் 18-ஆம் பிரிவில் கண் இடறத்தான் செய்யும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளில் முன்ஜாமீன் என்ற பேச்சுக்கே இடமில்லை என்கிறது அது. முன்ஜாமீன் என்ற ஏற்பாடு எதற்கு வந்தது என்று பார்த்தால் இடறல் இன்னும் பெரிதாகிறது. செல்வாக்குள்ளவர்கள் தங்கள் எதிரிகளைப் பொய் வழக்கில் மாட்டிவிட்டு அவமானப்படுத்துவதைத் தடுக்க வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 1969-இல் தந்த 41-ஆவது அறிக்கையில் சொன்னது. அந்த யோசனையே 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438-ஆம் பிரிவானது. இன்றைய புதிய சட்டத்தில் அது 482. அப்படியானால் இந்த ஒரு வழக்கில் மட்டும் அந்தக் காப்பை ஏன் பறிக்க வேண்டும்?

1995-இல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. பலோதியா வழக்கு என்று அதைச் சொல்வார்கள். வன்கொடுமை செய்தவர் முன்ஜாமீனோடு வெளியே இருந்தால் பாதிக்கப்பட்டவரை மிரட்டுவார், வழக்கை நடக்கவிடாமல் தடுப்பார் என்பதே அந்தப் பதிலின் சாரம். சட்ட மொழியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், நீதிபதிகள் அங்கே ஊரின் வரைபடத்தைத்தான் பேசியிருக்கிறார்கள். திருட்டு வழக்கில் திருடனும் பறிகொடுத்தவரும் இரு வேறு ஊர்க்காரர்களாக இருக்கலாம். சாதி வசையில் அது அபூர்வம். திட்டியவரின் வயலில்தான் திட்டு வாங்கியவருக்கு வேலை, அவர் வரப்பு வழியாகத்தான் பாதை, அவர் ஆட்கள் நிற்கும் கடையில்தான் அரிசி. போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவர் அதே தெருவுக்குத்தான் திரும்ப வேண்டும்.

கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குத் தோழியோடு போன தலித் இளைஞர், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அது வசை வழக்கல்ல, கொலை வழக்கு. ஆனாலும் சாட்சிகளுக்கு என்ன ஆகிறது என்பதை அதைப்போலக் காட்டும் தமிழ்நாட்டு வழக்கு வேறில்லை. கடைசியாக அவரோடு இருந்த முக்கிய சாட்சியே நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தண்டனை தந்தபோது, மனிதர்கள் சொல்லத் துணியாததைச் சொல்ல கோயிலின் கண்காணிப்புக் கேமரா இருந்தது. எத்தனை தெருக்களில் அப்படியொரு கேமரா இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஜாமீன் இல்லாத சட்டம்" என்ற பெயர் இதற்குப் பொருந்தாது. 18-ஆம் பிரிவு தடுப்பது கைதுக்கு முந்திய ஜாமீனை மட்டும்தான். சரணடைந்தபின் அல்லது கைதான பின் வழக்கமான ஜாமீன் கேட்கலாம். சிறப்பு நீதிமன்றம் மறுத்தால் 14ஏ பிரிவின்படி உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சரணடையும் நாளிலேயே மனுவைக் கேட்டு முடிவு செய்யும்படி கீழ் நீதிமன்றத்துக்கு உயர்நீதிமன்றம் உத்தரவிடுவதும் தமிழ்நாட்டில் வழக்கம். 2020 மே 23-இல் திமுகவின் ஆர்.எஸ். பாரதி, பட்டியல் சாதி நீதிபதிகள் பற்றிப் பேசிய பேச்சுக்காக இந்தச் சட்டத்தில் சென்னையில் கைதானார். அன்றே இடைக்கால ஜாமீனில் வெளியே வந்தார். 2019 தீர்ப்புக்குப் பிறகும் சட்டத்தில் நிற்கும் சொஸ்மாவின் 13-ஆம் பிரிவோ விசாரணை முடியும்வரை பூட்டுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒன்று, புகார் கொடுத்த மனிதர் வீடு திரும்ப வேண்டிய அந்த முதல் சில நாள்களுக்கான காப்பு. மற்றதில் காப்புத் தேடுவது அரசு.

இப்படிச் சொல்லிவிட்டால் அண்ணனுக்குப் பதில் கிடைத்துவிடுமா? முழுதாகக் கிடைக்காது. ஏனென்றால் சட்டம் எழுதப்பட்டபடி நடந்துவிடவில்லை.

2018 மார்ச் 20-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், மகாராஷ்டிர அரசு அதிகாரி ஒருவர் தொடுத்த மஹாஜன் வழக்கில், இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று கருதினார்கள். அடிப்படை ஆதாரம் இல்லாத வழக்கில் முன்ஜாமீன் தரலாம் என்றார்கள். அதோடு விட்டிருந்தால் இவ்வளவு கொதிப்பு வந்திருக்காது. அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமித்த அதிகாரியின் ஒப்புதலும், மற்றவரைக் கைது செய்ய மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் ஒப்புதலும் வேண்டும் என்றும், வழக்குப் பதியும் முன்பே பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்றும் சேர்த்தார்கள். புகார் கொடுக்க வந்தவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதை அந்தத் தீர்ப்பு விதியாக்கிவிட்டது. அதை எதிர்த்து ஏப்ரல் 2-இல் நடந்த பாரத் பந்தில் பல உயிர்கள் போயின. நாடாளுமன்றம் அதே ஆண்டு 18ஏ பிரிவைச் சேர்த்து, பூர்வாங்க விசாரணையோ முன்ஒப்புதலோ தேவையில்லை என்றது. 2019 அக்டோபர் 1-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, முந்தைய தீர்ப்பின் அந்தக் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் பிரித்விராஜ் சவுகான் வழக்கில் 18ஏ செல்லும் என்று தீர்ப்பு வந்தது. கூடவே ஒரு சிறு கதவையும் திறந்து வைத்தார்கள். புகாரை அப்படியே ஏற்றுப் படித்தாலும் இந்தச் சட்டத்தின் குற்றம் எதுவும் தெரியவில்லை என்றால் தடை பொருந்தாது என்றார்கள்.

அதன்பிறகு ஜாமீன் சண்டை முழுவதும் அந்தச் சிறு கதவின் முன்னால்தான் நடக்கிறது. கதவைத் திறக்கப் பெரும்பாலும் பயன்படும் சாவி "பொதுப்பார்வை" என்ற ஒரு சொல். சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டுமென்றால், அது பிறர் பார்க்கும்படியான இடத்தில் நடந்திருக்க வேண்டும்.

2008-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பொறுமையாக விளக்கியது. பொது இடம் வேறு, பொதுப்பார்வை வேறு. தனியார் வீட்டு வாசலில் நிறுத்திய காரின் பக்கத்தில் நின்ற ஒருவரைத் திட்டினாலும், சாலையில் போகிறவர் கண்ணில் படுமானால் அது பொதுப்பார்வைதான். வீட்டுக்குள்ளே திட்டினால்கூட, உறவினரும் நண்பரும் அல்லாத வெளியாள் அங்கு இருந்தால் போதும். 2020-இல் ஹித்தேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது சொன்னது குற்றமாகாது என்றும், நிலத் தகராறில் வந்த வசை சாதியைக் காரணமாகக் கொண்டதா என்று பார்க்க வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரி 31-இல் வந்தது நம் ஊர்ப்பக்கத்து வழக்கு. திருச்சி மாவட்டம் லால்குடி. பட்டாவில் தன் தகப்பனார் பெயரைச் சேர்ப்பது பற்றி விசாரிக்க வருவாய் அலுவலகத்துக்குப் போனவர், அங்கிருந்த அலுவலரை அவருடைய அறையிலேயே சாதியைச் சொல்லித் திட்டினார் என்பது புகார். சக ஊழியர்கள் அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தார்கள். ஆகவே பொதுப்பார்வை இல்லை என்று வழக்கு ரத்தானது.

இந்தத் தீர்ப்பை நான் பலமுறை படித்தேன். சட்டத்தின் வாசகத்தை வைத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அறையை மனத்தில் கொண்டுவந்து பார்க்கிறேன். அது அரசு அலுவலகம். பட்டியல் சாதியில் பிறந்து, படித்து, அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தவர் அவர். எதிரே நிற்பவர் அந்த ஊர்க் குடிமகன். கதவுக்கு அப்பால் ஊழியர்கள். சத்தம் கேட்டு அவர்கள் ஓடி வருவதற்குள் சொல் சொல்லி முடிந்துவிட்டது. சாட்சிக் கண்கள் வந்து சேர எடுத்த அந்தச் சில நொடிகளில் குற்றம் குற்றமில்லாமல் போனது. இழிவை அளக்கும் கோலாக இடத்தை வைத்தால் இப்படித்தான் ஆகும்.

அதே 2025 செப்டம்பர் 1-இல் வந்த இன்னொரு தீர்ப்பு எதிர்த் திசையில் நிற்கிறது. மகாராஷ்டிரத்தின் தாராசிவ் மாவட்டத்தில், 2024 நவம்பர் சட்டமன்றத் தேர்தலில் தாங்கள் சொன்னபடி வாக்களிக்கவில்லை என்று ஒருவரை வீட்டுக்கு வெளியே வைத்து அடித்து, சாதி சொல்லித் திட்டியதாக வழக்கு. பம்பாய் உயர்நீதிமன்றம் முன்ஜாமீன் தந்தது. தலைமை நீதிபதி கவாய் அமர்வு அதை ரத்து செய்து, முன்ஜாமீன் கட்டத்திலேயே ஆதாரங்களை எடைபோட்டு ஒரு குட்டி விசாரணை நடத்தக் கூடாது என்றது. வாசலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒருவரின் பாதுகாப்பு தொங்குகிறது.

இதனால் வழக்கின் விதி பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு முன்பே, புகார் எழுதும் மேசையில் முடிவாகிவிடுகிறது. எந்த இடம், யார் நின்றார்கள், எந்தச் சொல் என்பது முதல் தகவல் அறிக்கையில் விடுபட்டால், அந்தச் சிறு கதவு தானே திறந்துகொள்ளும். ஆகவே புகார் கொடுப்பவர் அந்தச் சொல்லை மீண்டும் ஒருமுறை, தன் வாயாலேயே, ஒரு அந்நியருக்குச் சொல்லியாக வேண்டும். எழுத்தர் அதை எழுத்துக்கூட்டி எழுதும்வரை காத்திருக்க வேண்டும். திட்டியவருக்கு ஒரு நொடியில் முடிந்தது, வாங்கியவருக்கு வழக்கு முடியும்வரை முடிவதில்லை.

இணையம் வந்தபின் பொதுப்பார்வைக்கு எல்லையே இல்லாமல் போனது. கேரள உயர்நீதிமன்றம் 2022 ஜூலையில், யூடியூபில் வந்த வசை ஒன்று பற்றி, யார் எப்போது அதைத் திறந்து பார்த்தாலும் பாதிக்கப்பட்டவர் அங்கு இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று சொல்லி முன்ஜாமீனை மறுத்தது. 2024 ஆகஸ்டில் வேறொரு கேரள யூடியூப் வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதியைச் சேர்ந்தவரைத் திட்டியதாலேயே இந்தக் குற்றம் வந்துவிடாது, சாதியின் பேரால் இழிவு செய்திருக்க வேண்டும் என்று முன்ஜாமீன் தந்தது. இரண்டாவது தீர்ப்பு அதன் அளவில் சரி என்றே நினைக்கிறேன். அரசியல்வாதியை விமர்சிப்பதற்கும் ஒருவரின் பிறப்பைக் காறித் துப்புவதற்கும் வேறுபாடு இருக்க வேண்டும். அந்த வேறுபாடு இல்லாத சட்டம் நாளை சொஸ்மா ஆகும்.

இங்கே, கோலாலம்பூரில், அந்தச் சொல்லை ஒருவர் இன்னொருவர் மீது எறிந்தால் என்ன செய்யலாம்? சாதி வசையைப் பெயர் சொல்லித் தண்டிக்கும் சட்டம் மலேசியாவில் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆம் விதி இனம், மதம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றின் பேரால் பாகுபாடு கூடாது என்கிறது. வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று ஐநாவின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002-இல் விளக்கியிருக்கிறது. ஆனால் அந்தக் குழு எந்த உடன்படிக்கையின் கீழ் இயங்குகிறதோ, அதில் மலேசியா சேரவில்லை. சேரப்போவதில்லை என்று 2018 நவம்பரில் அரசு அறிவித்தது.

மீதி இருப்பது குற்றவியல் சட்டத்தின் 504-ஆம் பிரிவு. அமைதி குலையும் என்று தெரிந்தே ஒருவரை இழிவுபடுத்துவது குற்றம் என்கிறது அது. மெக்காலே எழுதி 1860-இல் இந்தியாவுக்கு வந்த சட்டத்திலிருந்து நீரிணைக் குடியேற்றங்கள் வழியாக நமக்கு வந்தது. இதைக் கவனித்துப் படித்தால் ஒன்று புரியும். இதில் குற்றம் இழிவல்ல, இழிவுபட்டவர் பதிலுக்குக் கை ஓங்கிவிடுவாரோ என்ற கவலை. கை ஓங்கக்கூடியவருக்குத்தான் இந்தப் பிரிவு துணை. தலைகுனிந்து போய்விடுபவரின் முன்னால் அமைதி குலைவதே இல்லையே! 1989 சட்டத்தின் பெரிய மாற்றம் இதுதான் என்பேன். மௌனமாகப் போனவருக்கும் காயம் உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. மலேசியாவும் அந்தப் பக்கம் ஓரடி வைத்திருக்கிறது. 2024 ஜூலையில் இணைய வசை தாங்காமல் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பெண் உயிரை விட்டாள். அவளைத் திட்டியவர்களில் ஒருவருக்குக் கிடைத்தது 100 ரிங்கிட் அபராதம். அந்தக் கோபத்தில் பிறந்தவைதான் 2025-இல் குற்றவியல் சட்டத்தில் சேர்ந்த பகடிவதைக்கு எதிரான பிரிவுகள். வசையால் மனம் நோகச் செய்வதையே அவை குற்றமாக்குகின்றன. சாதி வசைக்கும் அது பொருந்த வாய்ப்புண்டு, யாராவது புகார் கொடுத்தால்.

புகார் கொடுப்பார்களா என்பதில்தான் எனக்கு நெருடல். 2010 கடைசியில் 'இன்டர்லோக்' மலாய் நாவல் ஐந்தாம் படிவப் பாடமாக வந்தபோது, அதிலிருந்த ஒரு சாதிச் சொல்லுக்காகக் கிள்ளான் பள்ளத்தாக்கே கொந்தளித்தது. 2011 கடைசியில் நாவல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. ஒரு சொல் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை என்ன செய்யும் என்று நம் சமூகத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. மலாய்ப் பேச்சில் தெருநாய்க்கே அடைமொழியாகிவிட்ட சொல் அது. ஆனால் அந்தக் கோபத்துக்குள் இரண்டு குரல்கள் இருந்தன. எந்த மனிதரையும் அப்படிச் சொல்லாதே என்றது ஒன்று. நாங்கள் எல்லாரும் அந்தச் சாதி இல்லை என்றது மற்றது. இரண்டாவது குரல் வன்கொடுமையை எதிர்க்கவில்லை, முகவரியை மட்டும் மாற்றிக் கேட்டது. அந்தக் குரல்தான் இன்றும் திருமணப் பேச்சில் "நம்ம ஆளுங்களா?" என்று மெல்லக் கேட்கிறது.

1941-இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, துரையோ அலுவலரோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. கூலி உயர்வோடு சேர்த்து அதையும் கேட்டார்கள். வேலைநிறுத்தத் தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இறந்தார்கள். இழிவை ஒழிப்பது பொதுக் கோரிக்கை என்று அறிந்திருந்த மண் இது.

அண்ணனின் கேள்விக்கு நான் கொண்டுபோன பதில் 18-ஆம் பிரிவு அல்ல, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு. ஜாமீன் உட்பட எந்த விசாரணையானாலும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே அறிவிப்பு தர வேண்டும், அவர் பேசுவதைக் கேட்க வேண்டும் என்கிறது அது. ராஜஸ்தானில் உடன்பிறந்தவரைப் பறிகொடுத்த ஹரிராம் பாம்பி என்பவருக்கு அறிவிப்பே தராமல் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உயர்நீதிமன்றம் ஜாமீன் தந்தது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ஜாமீனை ரத்து செய்து, இந்த அறிவிப்பு சடங்கு அல்ல, கட்டாயம் என்றது. 2022-இல் மட்டும் பட்டியல் சாதியினர் மீதான 57,582 குற்றங்கள் இந்தியக் குற்ற ஆவணப் பிரிவின் கணக்கில் ஏறின. அத்தனை பேருக்கும் அந்தத் தாள் நேரத்தோடு போய்ச் சேர்கிறதா என்பதில்தான் சட்டத்தின் உயிர் இருக்கிறது. முன்ஜாமீன் தடை காலப்போக்கில் தளரலாம், இறுகலாம். பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் கதவைத் திறக்கக் கூடாது என்பது தளரவே கூடாது.

அடுத்த வாரம் இதையெல்லாம் சொன்னேன். அண்ணன் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஜாமீன் குடுக்கறதுக்கு முன்ன, ஏச்சு வாங்குனவரக் கூப்பிட்டுக் கேக்கணுமா?"

"ஆமாண்ணே. கேக்கணும்."

சற்று நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் தான் பிறந்ததைப் பற்றி அதுவரை அதிகம் பேசாதவர். "எனக்கு எட்டு வயசு. விடிகாலைல பெரட்டுக் களத்துல எங்கப்பாவுக்குச் சோத்துத் தூக்கு கொண்டுபோனேன். தண்டல் எங்கப்பாவ அந்தச் சொல்ல சொல்லிக் கூப்பிட்டான். கூப்பிட்டதே அப்படித்தான், பேரச் சொல்லல. எங்கப்பா 'இருக்கேங்க'ன்னு கைய தூக்கினாரு."

"எத்தனை பேர் இருந்தாங்க?"

"நூறு பேரு இருப்பாங்க."

பொதுப்பார்வை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். "சாட்சி சொல்ல யாராவது வந்திருப்பாங்களாண்ணே?"

"எப்படி வருவாங்க தம்பி," என்றார். "எல்லாரும் அதே லயத்துலதான இருந்தாங்க. தண்டல் வீடும் அங்கதான இருந்துச்சு."